ஸ்டீயரிங்கை ஒடித்தால் சக்கரத்தில் சத்தமா? காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது வரும் சத்தமும், அறுபதில் போகையில் வளைவில் கூடும் சத்தமும் ஒரே பாகத்திலிருந்து வருவது அபூர்வம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சத்தம் எங்கே என்பதில் காது சுலபமாக ஏமாறும். தகடு வழியாக ஒலி ஓடுவதால் வலது சக்கரத்தில் பிறந்தது டாஷ்போர்டு நடுவில் கேட்கும். பின் சக்கரத்து உறுமல் முன்னால் கேட்பதும் உண்டு. சத்தம் எப்போது என்பதில் அந்த ஏமாற்றம் குறைவு. எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் பிரித்துவிடுங்கள். பேரிங்கை மாற்றி, ஆக்ஸிலையும் மாற்றிய பிறகு ஜம்பர் (ஷாக் அப்சார்பர்) மவுண்ட்தான் காரணம் என்று தெரியவருவதெல்லாம் இந்தப் பிரிப்பைச் செய்யாமல் பாகம் வாங்குவதால் வரும் வினை.

குமரி மாவட்டத்துக்கென்று சில காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் நிற்கும் கார்களின் அடிப்பாகத்தை உப்புக்காற்று தின்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் ஜூன் முதல் டிசம்பர் வரை சக்கரத்தின் உட்பக்கம் சரியாகக் காய்வதில்லை. குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டப் பாதைகளில் செம்மண் சேறு. மணவாளக்குறிச்சிக் கரை மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் என்பது தொழிற்சாலைகளில் தேய்ப்பு வேலைக்கே பயன்படும் கனிமம். கிழிந்த ரப்பர் கவர் வழியாக அது ஜாயின்ட்டுக்குள் போனால் உள்ளே அரைக்கத்தான் செய்யும்.

ஜாக்கியை எடுப்பதற்கு முன்

முதல் வேலை வீல் நட். சமீபத்தில் பஞ்சர் ஒட்டியிருந்தால், டயர் மாற்றியிருந்தால் இதைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். தளர்ந்த நட் ஒடிக்கும்போது ‘டக்’ என்று அடிக்கும், பிரேக் பிடித்தாலும் அடிக்கும். சிறிய கார்களில் நட்டின் இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கு உரியது கையேட்டில் இருக்கும். 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 40 கிலோ அளவுக்கு அழுத்தினால் அந்த இறுக்கம் வந்துவிடும். ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பவர்கள் நட் ஏறும் ஸ்டட்டை இழுத்து நீட்டிவிடுகிறார்கள்.

அடுத்து பிளாஸ்டிக் வீல் கப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை, உடைந்த கிளிப்புள்ள வீல் கப் ஆக்ஸில் போனது போலவே சத்தம் போடும். டயர் பட்டைக்குள் ஜல்லிக்கல் மாட்டியிருக்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் தடவிப் பாருங்கள்.

பிறகு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து வைத்து, மட்கார்டுக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தடுப்பைப் பாருங்கள். தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டியபின் அதன் கிளிப்புகள் பிய்ந்து, முழு ஒடிப்பில் மட்டும் டயர் அதில் உரசும். உரசிய இடம் டயரின் ஓரத்தில் பளபளவென்று தெரியும். கம்பெனி அளவைவிட அகலமான டயர் போட்ட கார்களில் கிளிப் சரியாக இருந்தாலும் இது வரும்.

காற்று குறைந்த டயர் வளைவில் முனகும். சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு.

கார் நிற்கும்போதே சத்தம் வந்தால்

தார் ரோட்டில், சமதளத்தில் நிறுத்திச் சோதியுங்கள். வீட்டு போர்டிகோவின் டைல்ஸ் தரையில் டயர் கீச்சிடுவது இயல்பு. அதைக் கேட்டுப் பயந்து பட்டறைக்குப் போனவர்கள் பலர். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டு, உள்ளே ஒருவர் ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் திருப்பட்டும். நீங்கள் வெளியே சக்கரத்தின் அருகே நில்லுங்கள்.

சுருள் ஸ்பிரிங் திடீரென்று உதறி ‘டொய்ங்’ என்று ஒலித்தால் ஜம்பரின் தலையில் இருக்கும் மவுண்ட் பேரிங் சிக்கியிருக்கிறது. ஸ்டீயரிங் திரும்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து வழுக்கிச் சுழல வேண்டும். உப்பு நீரும் மணலும் புகுந்து துருப்பிடித்த பேரிங் சுழலாமல் நிற்கும்; ஸ்பிரிங் முறுக்கேறி, தாங்காத நிலையில் சட்டென்று விடுபடும். உறுதிசெய்ய ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் விரல்நுனியை லேசாக வையுங்கள். துள்ளல் விரலில் தெரியும். சுருள்களுக்கு நடுவே விரலை விடவே கூடாது. பானெட்டைத் திறந்து மவுண்டின் தலையில் உள்ளங்கையை வைத்தாலும் அதே அதிர்வு கிடைக்கும்.

பழைய கதவுக் கீல் போல நீளமாகக் கிறீச்சிட்டால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டைச் (குண்டு மூட்டு) சந்தேகியுங்கள். அதன் ரப்பர் கவர் வெடித்து, கிரீஸ் கழுவிப் போயிருக்கும். காரின் முன்பக்கத்தை நான்கைந்து முறை கையால் அமுக்கி விட்டாலும் அந்தக் கிறீச்சு வருகிறதா? அப்படியானால் பால் ஜாயின்ட் அல்லது லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். அமுக்கினால் வராமல் ஒடித்தால் மட்டும் வருகிறது என்றால் மவுண்ட் பக்கம் திரும்புங்கள்.

ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பாமல், நடுநிலையில் வைத்து இடமும் வலமுமாக நான்கு விரல் அகலத்துக்கு வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். ‘டக் டக்’ என்றால் டை ராட் எண்டை (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் நுனி மூட்டு) உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள். தேய்ந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையில் ஒரு தட்டு விழும். அங்கே எதுவும் இல்லையென்றால் அடுத்தது அந்தத் தண்டைத் தள்ளும் ஸ்டீயரிங் ராக்கின் உள் ஜாயின்ட்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் முழு ஒடிப்பில் ‘ஙீ’ என்று பம்ப் கத்துவது ஓரளவு இயல்பு. முனையை அடைந்ததும் பிரஷர் வால்வு திறக்கும் சத்தம் அது. அந்த நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள், ஆயில் சூடேறும். முனைக்குப் போகாமலே கத்தினால் டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்கள். நுரை இருந்தால் குழாய்க்குள் காற்று இழுக்கிறது. இப்போதைய சிறிய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார் ஸ்டீயரிங். அதில் பம்பும் கிடையாது, ஊற்றுவதற்கு ஆயிலும் கிடையாது.

சத்தம் ஸ்டீயரிங் வட்டத்துக்குள்ளிருந்தே, பேப்பர் உரசுவது மாதிரி வந்தால் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் மின்சாரம் கடத்தும் சுருள் நாடா உள்ளே இருக்கிறது. ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கை வீட்டில் பிரிக்காதீர்கள்.

மெதுவாக வட்டமடிக்கும்போது வந்தால்

ஆளில்லாத மைதானமோ, ஆலய வளாகமோ போதும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, முதல் கியரில் வட்டம் போடுங்கள். இடப்பக்கம் மூன்று சுற்று, வலப்பக்கம் மூன்று சுற்று, பிறகு ரிவர்ஸிலும் அதே. ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிலேட்டரை ஒருமுறை மெல்ல அழுத்தி, ஒருமுறை முழுவதும் விட்டுப் பாருங்கள்.

அழுத்தும்போது ‘டக்-டக்-டக்’ என்று சீராக வந்து, வேகத்தோடு நெருங்கி, காலை எடுத்ததும் அடங்கினால் அது டிரைவ் ஷாஃப்ட்டின் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஆக்ஸில் தண்டு) வெளி மூட்டான சி.வி. ஜாயின்ட். அதற்குள் ஆறு குண்டுகள் பள்ளங்களில் உருளுகின்றன. நேராகப் போகும்போது குண்டு நகரும் தூரம் குறைவு. முழு ஒடிப்பில் கோணம் கூடி, பள்ளத்தின் தேய்ந்த விளிம்புவரை போய்த் தட்டுகிறது. நேர் ரோட்டில் சத்தமில்லாமல் திருப்பத்தில் மட்டும் பேசுவதற்கு இதுதான் காரணம்.

இடப்பக்கம் ஒடித்தால் வந்தால் வலது ஜாயின்ட் என்று பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு. அதை முழுதாக நம்ப வேண்டாம். திருப்பத்தில் இரண்டு ஜாயின்ட்டுமே வளைகின்றன. சாட்சி சொல்ல வேண்டியது ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட். சக்கரத்தை முழுசாக ஒடித்தால் பூட்டின் மடிப்புகள் விரியும், டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பின் அடியையும் பாருங்கள். ரிம்மின் உட்பக்கத்திலும் லோயர் ஆர்மிலும் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்தது உறுதி.

ஒரு முக்கியமான விலக்கு. ஆம்னி, ஈகோ, பின் சக்கர இழுவையுள்ள பொலேரோ, பழைய இன்னோவா போன்றவற்றில் முன் சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்டே கிடையாது. அவற்றில் யாராவது முன் சி.வி. ஜாயின்ட் போய்விட்டது என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தோட்டத்துக்குப் போகும் பழைய 4×4 ஜீப் வகைகளில் வேறொரு பிரச்சினை: சேற்றில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிட்டு, தார் ரோட்டுக்கு வந்தும் எடுக்க மறந்தால், திருப்பத்தில் வண்டி இழுத்து இழுத்து உதறும், டயர் கத்தும். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வளைவில் ஓடும் தூரம் வேறு. மண்ணில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், காய்ந்த தாரில் முடியாது. லிவரை இரு சக்கர நிலைக்குத் தள்ளினால் தீர்ந்தது.

ஆக்சிலேட்டரோடு தொடர்பில்லாமல், மேடுபள்ளத்தில் ஒரு பக்கம் ஏறும்போது மட்டும் ‘கடகட’ என்றால் வண்டி ஒரு பக்கம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட். விலை குறைந்த பாகம், அடிக்கடி போகும் பாகம். தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கி ஏறுவது நம் ஊர் ஒடுங்கிய ரோடுகளில் இடது சக்கரம்தான், ஆகவே முதலில் இடப்பக்கம் பாருங்கள். டிரைவர் வலப்பக்கம் இருப்பதால் இடது சக்கரத்துச் சத்தம் அவருக்கு மங்கலாகவே கேட்கும். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, இரண்டு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

இதற்கு நல்ல இடம் இருபுறமும் மதில் உள்ள ஒடுங்கிய தெரு. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் என்று ஓரளவு காட்டிக்கொடுக்கும். போக்குவரத்து இல்லாத அதிகாலையில் பார்வதிபுரம், மார்த்தாண்டம் மேம்பாலங்களின் கைப்பிடிச் சுவரும் இதே வேலையைச் செய்யும். இடது ஓரமாகப் போனால் இடது சக்கரத்தின் குரல் தனியாகக் கேட்கும்.

தகடு உரசும் ‘ஷிர்ர்’ என்ற சத்தம் என்றால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தடுப்புத் தகட்டைப் பாருங்கள். ஜல்லிக்கல் ஒன்று இடையில் சிக்கியிருக்கும், அல்லது தகடு வளைந்திருக்கும். சில மீட்டர் ரிவர்ஸில் போய் ஒருமுறை பிரேக் பிடித்தால் கல் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தகட்டைக் கையால் நெம்பி டிஸ்க்கிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் விலக்குங்கள். விலக்கிய பிறகும் வளைவில் மட்டும் மறுபடி உரசினால் பிரச்சினை தகட்டில் இல்லை. பேரிங் ஆடி, டிஸ்க்தான் தகட்டை நோக்கிச் சாய்கிறது.

பிரேக்கை லேசாகத் தொட்டதும் மாறும் சத்தம் பிரேக் பேடு அல்லது அதை அழுத்தும் காலிப்பர். கடலோரத்தில் இரவு நின்ற கார் காலையில் முதல் சில பிரேக்கில் கரகரப்பது டிஸ்க் மேல் படிந்த துரு. அது இயல்பு, தானாக அழியும்.

வேகத்தில் உறுமல் வந்தால்

இதுதான் வீல் பேரிங்கின் இடம், அதிகம் ஏமாற்றுவதும் இதுவே. நாற்பதுக்கு மேல் ‘உம்’ என்று தொடங்கி வேகத்தோடு கனக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். காற்றாலைகள் நிறுவுவதற்கேற்ற காற்று அது, உறுமலை முழுங்கிவிடும்.

காலியான நேர் ரோட்டில் 50–60-ல் போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஓடவிடுங்கள். சத்தம் எஞ்சின் சுற்றோடு சேர்ந்து குறைந்தால் அது எஞ்சின் பக்கம். அப்படியே நீடித்தால் சக்கரம். பிறகு கியர் போட்டு, லேசாக இடமும் வலமுமாக வளையுங்கள். இடப்பக்கம் வளைந்தால் எடை வலது சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது. இது பெரும்பாலும் சரியாக வரும், எப்போதும் அல்ல.

பேரிங்கா டயரா என்ற குழப்பம் இங்கேதான். புதுத் தார், பழைய தார், கான்கிரீட் என்று ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். எல்லா ரோட்டிலும் ஒரே சுருதியில் இருந்தால் பேரிங். டயர் பட்டையை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவுங்கள், ஒரு திசையில் வாள்பல் மாதிரி குத்தினால் ஒழுங்கற்ற தேய்மானம். சந்தேகம் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் அதே பக்கத்தில் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் டயரோடு இடம் மாறினால் பேரிங் வாங்கும் செலவு மிச்சம்.

பேரிங் சீக்கிரம் போவதற்கு இங்கே ஒரு வழி உண்டு. ஓடிச் சூடான ஹப் (சக்கரம் பூட்டியிருக்கும் நடுப்பாகம்) தேங்கிய மழைநீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளிழுக்கும். கிரீஸ் கெட்டு, சில வாரம் கழித்து உறுமல் தொடங்கும். அதற்குள் தண்ணீரில் ஓட்டியதே மறந்துபோயிருக்கும்.

ஜாக்கி ஏற்றிப் பார்க்கும் முறை

மழை பெய்த செம்மண்ணில் ஜாக்கி புதையும். ஓரடிச் சதுரமுள்ள கனத்த மரப்பலகையை அடியில் போடுங்கள். முதல் கியர், ஹேண்ட்பிரேக், பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கல். சக்கரத்தைக் கழற்றப்போவதில்லை என்பதால் நட்டைத் தளர்த்தாமலே ஏற்றுங்கள். ஏற்றியதும் ஜாக்கி ஸ்டாண்டை வைத்த பிறகே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பில் எதையும் காருக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது.

டயரின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும். இடம்-வலம் ஆட்டத்தில் மட்டும் தளர்ச்சி என்றால் டை ராட் அல்லது ராக். மேல்-கீழில் தளர்ச்சி என்றால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டையும் பிரிக்க உள்ளே ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக், டிஸ்க்கையும் நக்கிளையும் (பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகம்) ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்பினால் பால் ஜாயின்ட்டின் இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆட்டமே இல்லை என்பதற்காகப் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். இப்போதைய சீல் செய்த பேரிங்குகள் கையில் துளியும் ஆடாமலே உறுமும். சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறு கையின் விரல்நுனியை ஜம்பர் ஸ்பிரிங்கில் வையுங்கள். நல்ல பேரிங்கில் விரலுக்கு எதுவும் எட்டாது. கெட்டதில் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி வரும். நான்கு சக்கரத்திலும் செய்து ஒப்பிடுங்கள். பின் சக்கரம் ஏற்றும்போது கல் முன் சக்கரத்துக்கு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட வேண்டும்.

ஓட்டலாமா, நிறுத்தலாமா

தளர்ந்த நட், ஆட்டம் உள்ள பால் ஜாயின்ட், ஆட்டம் உள்ள டை ராட் எண்ட், ஆட்டம் உள்ள பேரிங்: இந்த நான்கில் எதுவானாலும் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் அப்படியே வெளியே மடியும். பேச்சிப்பாறை வளைவில் அது நடந்தால் என்ன செய்ய முடியும்? சி.வி. ஜாயின்ட் தட்டினால் பட்டறைவரை பையப் போகலாம். ஜம்பர் மவுண்ட், லிங்க் ராட் சில நாள் பொறுக்கும்.

பட்டறையில் சொல்ல வேண்டியதும் கவனிக்க வேண்டியதும்

‘சக்கரத்துல சத்தம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘அண்ணே, நாப்பதுக்கு மேல போனா உம்முன்னு வருது, இடப்பக்கம் வளைச்சா கூடுது, நியூட்ரல்ல போட்டாலும் நிக்கல, டயர் மாத்திப் போட்டும் அப்படியே இருக்கு’ என்று சொன்னால் அவருக்கும் நேரம் மிச்சம், தேவையில்லாத பாகமும் வராது.

பூட் கிழிந்து, ஜாயின்ட் இன்னும் தட்டத் தொடங்கவில்லை என்றால் ஜாயின்ட்டைக் கழற்றிக் கழுவி, பூட் கிட்டில் வரும் மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட்டை முழுவதும் நிரப்பிப் புதுப் பூட் போட்டால் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம். தட்டத் தொடங்கியதைக் கிரீஸால் காப்பாற்ற முடியாது. விளிம்பை வளைத்துப் பூட்டும் வகை ஆக்ஸில் நட்டைக் கழற்றினால் புதிது போட வேண்டும்.

பேரிங்கைப் பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். நக்கிளுக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் விழ வேண்டும். உள் வளையத்தை அழுத்தினாலோ சுத்தியலால் அடித்தாலோ குண்டுகள் பாதையில் பள்ளம் பதிக்கும், சீக்கிரமே அதே உறுமல் திரும்பும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். ஹப்பில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் ஹப்பையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஜம்பர் மவுண்ட் வேலையை வீட்டில் தொடாதீர்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்து எழும். பேரிங்கையும் மவுண்ட் ரப்பரையும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது.

கடலோர வண்டியில் டை ராட் நட் துருவில் இறுகியிருக்கும்; முந்தின இரவே துரு நீக்கும் ஆயில் அடித்து விடுங்கள். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றில் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். எந்த வேலையானாலும் சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.